பத்தொன்பது பேரைப் பிரித்தல்

சோபா உனக்கு. கெண்டி எனக்கு.
பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டு ஜோடி,
அதில் தகராறு இல்லை.
சமையலறைச் சுவருக்கு வந்தபோதுதான்
இருவரும் நாற்காலி தேடினோம்.

ஏழு குளிர்காலமாக அங்கே
குண்டூசியில் தொங்கிக் குடியிருக்கிறார்கள்
பத்தொன்பது பேர்.
முதல் அத்தியாயமே எழுதப்படாத நாவலின்
மொத்த ஜனத்தொகை.

தார்த்து நகரத்தில், உருளைக்கிழங்குத் தெருவில்
மரவீட்டின் இரண்டாம் மாடி.
பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
எமாயெகி ஆற்றின் மேல் யாரோ
நாயுடன் நடந்து போனார்கள், தண்ணீரே இல்லாதது போல.

"முதலில் அரசி" என்றாய் ஐவோ.
வெஸ்த்ராவின் நிழல்
அவளுக்கு ஒரு நாள் பின்னால்தான் வந்து சேரும்.
மேகமூட்டமான நாளில் அந்த நிழல் எங்கே தங்கும் என்று
நவம்பர் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.
நல்ல மாதம் அது.
எடுத்துக்கொள் என்றேன்.

ஒவ்வோர் அட்டையிலும் அதே கேள்விகள்:
எதற்குப் பயம்? எதைத் திருடுவாள்?
சட்டைப்பையில் என்ன இருக்கிறது?
யாரிடம் கடைசியாகப் பொய் சொன்னான்?
பதில்கள் உன் பச்சை மையில் பாதி,
என் பென்சிலில் பாதி.
ரொட்டி வெண்ணெய்க் கறையில் சில.

உப்புச் சுரங்கத்து இரட்டையருக்கு ஒரே குரல்.
ஒருவன் பேசினால் மற்றவன் வாய் அசையும், சத்தம் வராது.
"இவர்களைப் பிரிக்க முடியாது" என்றாய்.
முடியுமே, ஒருவன் நிரந்தரமாக ஊமையாவான்,
அவ்வளவுதானே என்றேன்.
இருவரையும் என் பக்கம் தள்ளிவிட்டாய்.

டிராகன் யாருக்கும் வேண்டாம்.
அதற்கு வயது ஏறியதே தவிர
குணம் வரவில்லை.
குதிரைத் திருடி உனக்கு,
குதிரை எனக்கு.
(அவள் இனி நடந்துதான் போக வேண்டும்.)

பிறகு ஹர்வாக்.
நம்முடைய வில்லன்; முழு அட்டையும் பச்சை மை.
ஊர்களை எரிப்பவன் என்றுதான்
எனக்கு ஞாபகம்.
கீழே, ஓரமாக, பொடி எழுத்தில்:
கோபம் வந்தால் கத்தமாட்டான்.
கரண்டிகளை அளவுவாரியாக அடுக்குவான்.
மன்னிப்புக் கேட்க வருபவனிடம்
மணி என்ன என்பான்.

அன்று காலையில்தான்
கரண்டிகளைப் பிரித்து வைத்திருந்தேன்.
மேசை மேல் இன்னும் கிடந்தன,
பெரியதிலிருந்து சிறியது வரை.

"இதை எப்போது எழுதினாய்?"
"மூன்றாவது வருஷம்."
"நன்றாக வந்திருக்கிறது."
பொய் இல்லை. சுவரில் இருந்த அத்தனை பேரிலும்
அவன் ஒருவனுக்குத்தான் மூச்சு இருந்தது.
அரசிக்கு நிழல் கொடுத்தோம், மகுடம் கொடுத்தோம்,
மூன்று தலைமுறைச் சாபம் கொடுத்தோம்,
ஒரு கரண்டி கொடுக்கத் தோன்றவில்லை.

இவன் எனக்கு என்று
குண்டூசியோடு பிடுங்கினேன்.
நீ நாற்காலியை விட்டு எழுந்தாய்.
"ஹில்லே, அது வந்து, நான்..."
மணி என்ன என்று கேட்டேன்.

ஆறே கால், என்றாய்.

மார்ச்சில் பனிக்கட்டி உடைந்து
ஆறு மறுபடி ஆறானது.
அடுப்பைப் பெயர்த்த ஆட்கள்
சாம்பலோடு ஓர் அட்டையை நீட்டினார்கள்.
எட்டும் பத்தும் சரியாகவே இருந்தன நம் கணக்கில்;
அவன் தவறியிருக்கிறான்.

துடுப்புக்காரன். பெயர் வைக்கவில்லை.
ஒரு காது கேட்காது
என்று என் பென்சில்.
எந்தக் காது?
என்று உன் பச்சை.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வருஷக்கணக்காக.

இடது என்று எழுதினேன்.
அக்கரையில் நின்று கூப்பிட்டால்
அதனால்தான் தாமதமாக வருவான்;
வராமல் இருக்கமாட்டான் என்றும் சேர்த்தேன்,
பிறகு அந்த வரியை மட்டும் அழித்தேன்.
அழித்தது தெரிகிறது.

பார்னுவில் உன் புது விலாசம்
வீட்டுக்காரரிடம் வாங்கியிருக்கிறேன்.
உறையில் தபால்தலை ஒட்டியாயிற்று.
கூடவே அந்த டிராகனும் வருகிறது.
சும்மா எடைக்கு.